அருவிப் பேய்க்கு நான் எடுத்துக் கொடுத்த பெயர்

அரக்கனுக்குப் பெயர் வேண்டும், வாளுக்குப் பெயர் வேண்டும், இடிந்த கோட்டைக்குப் பெயர் வேண்டும் என்று உங்கள் மேசைக்கு வாரம் ஒரு பட்டியல் வரும். திங்கட்கிழமை வரும், வியாழக்கிழமைக்குள் கேட்பார்கள். பெயர்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதல் மாதத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வீர்கள். புதிதாக ஒரு பெயரை உண்டாக்குவது கடினம். எங்கேயோ ஏற்கெனவே இருக்கிற பெயரை எடுத்துக்கொள்வது எளிது. கணினியிலும் போனிலும் விளையாடும் மாய உலக ஆட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகின்றன.

நானும் பதினோரு வருடம் அப்படித்தான் எடுத்தேன். கண்ணில் நீர் அழுத்தம் கூடிவிட்டது, இனிமேல் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்து மூன்று வயதில் வேலையை விட்டேன். கடைசி நாளில் உங்கள் எல்லோர் முன்னாலும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அன்று சொல்ல நினைத்தது ஒரே ஒரு பெயரைப் பற்றி. அதை என் மகள் தட்டச்சு செய்ய, இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வரும் முன் தென்காசியில் ஓர் அச்சகத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. இந்தப் பக்கத்து ஆட்களின் பெயர்களில் பாதிக்கு மேல் என் கண் வழியாகப் போனவை. ஒருமுறை அண்ணன் இறந்ததற்கு அடித்த சுவரொட்டியில் தம்பியின் பெயரைப் போட்டுவிட்டோம். தம்பியே அதைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "நான் இன்னும் போகலம்மா. அவசரப்படாம மாத்திக் குடுங்க" என்றார். அதிலிருந்து அச்சகத்தில் ஒரு வழக்கம் வந்தது. எதுவாக இருந்தாலும், அச்சுக்குப் போகும் முன் அந்த வீட்டு ஆளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்துப் படிக்கச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்கிக்கொள்வோம்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன என்னை ஆட்டம் தயாரிக்கும் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயர்கள்தான் காரணம். நேர்காணலில் பிரிவுத் தலைவி, பழைய பெயராக இருபது சொல்லுங்கள் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன். நூறைத் தாண்டியதும், "போதும்க்கா, போதும்" என்று சிரித்துவிட்டார். அவர் என்னைவிடப் பதினாறு வயது இளையவர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்லது எல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான்.

நம்முடைய பெயர்ப் பதிவேட்டை ஆரம்பித்தவர் அவர். எடுக்கும் ஒவ்வொரு பெயரும் எந்த ஊரில் இருந்தது, அங்கே அது யார், நம் ஆட்டத்தில் அது என்ன செய்கிறது என்று ஒரு வரிசையில் எழுத வேண்டும். வந்த புதிதில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கதை மாதிரி படித்துக்கொண்டிருப்பேன். ஆட்டங்களில் கல்லால் ஆன முரட்டுப் பூதமாக வரும் கோலெம், யூதர்களின் கதையில் தங்கள் சனத்தைக் காப்பாற்றுவதற்காகக் களிமண்ணில் செய்யப்பட்ட ஆள். இறக்கை முளைத்த டிராகனாக வரும் பஹமூத், பழைய அரபுக் கதைகளில் பூமியைத் தாங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் மீன். நம்முடைய நாகரும் அசுரரும்கூட எங்கோ ஒரு நாட்டில் யாரோ வரைந்த படத்தில் கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

சோதனைப் பிரிவில் காதர் என்று ஒருவர் இருந்தார். ஆட்டத்தை விளையாடிப் பார்த்துக் குறை எழுதுவது அவர் வேலை. வடகரைக்காரர். நெருப்புக் கக்கும் ஒரு மிருகத்துக்கு இஃப்ரீத் என்று பெயர் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"யக்கா, இந்தப் பேர எங்க உம்மா முன்னால சொன்னா வாயில அடிப்பாங்க."

"ஏன், கெட்ட வார்த்தையா?"

"கெட்ட வார்த்த இல்ல. ஜின்னுலயே பெரிய ஜின்னு. பேரச் சொன்னா வந்துரும்னு அவங்களுக்கு ஒரு பயம். நீங்க என்னடான்னா அதுக்கு எட்டு உயிர் குடுத்து, அடிச்சா நூறு பாயிண்டுன்னு போட்டிருக்கீங்க."

"அப்ப மாத்தணுமா?"

"மாத்தாண்டாம். உலகம் பூரா அந்தப் பேர வச்சிருக்கான். எங்க உம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன்.

பதிவேட்டில் பான்ஷீ என்று ஒரு பெயர் உண்டு. ஆட்டங்களில் அவள் கூச்சலிட்டால் எதிரே நிற்பவன் செத்து விழுவான். அயர்லாந்துக் கதைகளில் அவள் யாரையும் கொல்வதில்லை. சில குடும்பங்களுக்கு என்று ஒருத்தி இருப்பாள். அந்த வீட்டில் சாவு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே வந்து வெளியில் நின்று அழுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. அந்த வரிசையின் ஓரத்தில் பிரிவுத் தலைவி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "இவள் ஒரு வீட்டுக்குச் சொந்தமானவள். எடுக்கும்போது அந்த வீட்டை நினைத்துக்கொள்ளவும்." படித்தபோது, எவ்வளவோ தூரத்தில் இருக்கிற வீடு என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு அந்த அருவி ஆட்டம் வந்தது.

மலை, காடு, அருவி, அதற்குள் ஒரு பழைய ராஜ்யம். படம் வரைகிறவர்கள் குற்றாலத்துக்குப் போய் ஐந்தருவியையும் பழைய அருவியையும் நாள் கணக்கில் படம் பிடித்து வந்தார்கள். வெளிநாட்டுப் பெயர்களை எல்லாரும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள், உங்கள் பக்கத்துப் பெயர்களாகக் கொடுங்கள் என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். பழையதாக இருக்க வேண்டும். ஆனால் பெரிய கோயில் தெய்வமாக இருந்துவிடக் கூடாது, யாராவது கொடி பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றார்கள். கொடி பிடிக்க ஆள் இல்லாத பெயராக வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்போது அது எனக்கு நியாயமான எச்சரிக்கையாகத்தான் பட்டது. உங்களுக்கும் அப்படிப் படும். அவசரத்தில் நம் கை முதலில் போவது கேட்க ஆள் இல்லாத பெயரிடம்தான்.

மற்றதெல்லாம் கிடைத்தது. அருவிக்குள் இருக்கும் பெண் பேய்க்கு மட்டும் பெயர் அமையவில்லை. விளையாடுகிறவனிடம் அவள் பெயர் கேட்பாள். சொல்லிவிட்டால், பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். நான் கொடுத்த ஆறு பெயர்களும் திரும்பி வந்தன. புதன்கிழமை ஆகிவிட்டது. மறுநாள் குரல் பதிவு.

அன்று மதியம் வடகரையில் ஒரு கல்யாண வீட்டுக்கு அரை நாள் விடுப்பில் போனேன். பேருந்தை விட்டு இறங்கி நடக்கும்போது வாய்க்கால் ஓரமாக, ஒரு தென்னந்தோப்பின் மூலையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசிக் கறுத்திருந்தது. மேலே ஒரு தகரக் கூரை. தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் "அருள்மிகு நீலவடிவு அம்மன் துணை" என்று எழுதியிருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். வடிவு என்று முடிகிற பெயர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. ஆனால் இது, அத்தனை வருடம் அச்சகத்தில் இருந்த எனக்கே புதிது. தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன பெயர் வேண்டும்.

எதிரே ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இது என்ன சாமி?"

"கன்னி சாமிம்மா. தண்ணியில போன பிள்ள."

"எந்தக் காலத்துல?"

"எனக்கென்ன தெரியும். நான் புளியங்குடிக்காரன், இங்கன யாவாரத்துக்கு வாரேன். அந்தா, தோப்புக்குள்ள ஓட்டு வீடு தெரியுதுல்லா? அங்கன போய்க் கேட்டா சொல்லுவாங்க. எளநி வெட்டவா?"

வீடு நன்றாகத் தெரிந்தது. ஐம்பது அடிகூட இருக்காது. முற்றத்தில் ஓர் அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத வீட்டில் போய் நின்று, உங்கள் சாமியின் கதை என்ன என்று எப்படிக் கேட்பது. எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாண வீட்டுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. இளநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் பதிவேட்டில் எழுதினேன்: "நீலவடிவு. வடகரைப் பக்கத்து நாட்டார் தெய்வம். நீரில் இறந்த கன்னி. பழையது." பழையது என்று எதை வைத்து எழுதினேன்? கல் கறுத்திருந்தது. வேறு ஆதாரம் இல்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஓர் ஓலைப்பெட்டியில் சிற்றாடை ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் அம்மை கண்டு இறந்த என் அத்தைக்கு உரியது. வருடம் ஒருமுறை பழைய ஆடையை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம். இறந்த மறு வருடமே பெயருக்குப் பின்னால் அம்மன் சேர்ந்துவிடும். மஞ்சளும் எண்ணெயும் பட்டால் நேற்று நட்ட கல்லும் சீக்கிரத்தில் பழங்காலத்துக் கல் போல ஆகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குக்கூட வீட்டு ஆளின் கையெழுத்து வாங்கியவள் நான்.

பிரிவுத் தலைவிக்குப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

"இது இவ்வளவு நாளா எங்கேக்கா இருந்துச்சு?" என்றார். பிறகு, "அந்தச் சாமிக்குரிய ஆளுககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"ரொம்பப் பழைய சாமி" என்றேன்.

அவர் என்னை நம்பினார்.

ஆட்டம் முழுதாக வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு அரை நிமிட வீடியோ ஒன்றை வெளியிட்டார்கள். கறுத்த தண்ணீர். அதிலிருந்து மெதுவாக எழும்புகிற ஒரு பெண்ணின் முகம். நனைந்த தலைமுடி, கருவிழி இல்லாத கண். ஒரு சிறு பெண்ணின் குரல்: "நான் நீலவடிவு. உன் பேரு என்ன?" பின்னால் தெரிவது குற்றாலத்து அருவி என்று எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டதால், இந்தப் பக்கத்தில் அது போனுக்குப் போன் தாவியது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அல்வாவும் மிக்சரும் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அந்த ஆட்டத்தின் சோதனையில் காதர் இல்லை. அவரை வேறோர் ஆட்டத்தில் போட்டிருந்தார்கள். வீடியோ வந்த பத்தாம் நாள் அவர் என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"யக்கா, அந்த நீலவடிவுங்கற பேர எங்க எடுத்தீங்க?"

"உங்க ஊர்லதான். வாய்க்கா ஓரத்துல ஒரு கன்னி சாமி இருக்குல்லா."

"அது சாமி இல்லக்கா" என்றார். பிறகு திருத்திக்கொண்டார். "சாமிதான். ஆனா என்கூடப் படிச்ச பிள்ள."

அவரே சொன்னார். ஒன்பதாம் வகுப்பு. ஆடி மாதம். வாய்க்காலில் துணி அலசப் போனவள். ஊரில் சாரல்கூட இல்லை, மலையில் பெய்த மழைக்குத் தண்ணீர் திடீரென்று வந்துவிட்டது. மறுநாள்தான் கிடைத்தாள். அப்போது அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அவங்க அம்மா அங்கனதான் இருக்காங்க. தோப்பு வீட்டுல" என்றார் காதர்.

அடுத்த நாள் அவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாளுக்கு ஏறக்குறைய என் வயது இருக்கும். என்னைவிட நாலைந்து வயது குறைவாகவும் இருக்கலாம். கணவர் வயலுக்குப் போயிருந்தார். "அத்த, இவங்க எங்க ஆபீஸ்ல இருக்காங்க" என்று காதர் சொன்னதும் எனக்கு நாற்காலி போட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

"காலையில பள்ளிக்கூடம் போற பிள்ளைக நம்ம வாசலுக்கு நேரா வந்ததும், நான் நீலவடிவு, உன் பேரு என்னன்னு கேக்குதுவ. ஒண்ணு கேக்கும், மத்ததெல்லாம் கத்திக்கிட்டு ஓடும். வெளையாட்டு. அதுகளுக்கு என்ன தெரியும்."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மொத நாளு நான் அடுப்படியில இருந்தேன்க்கா. நான் நீலவடிவுன்னு வாசல்ல சத்தம் கேட்டுச்சு. கையில இருந்தத அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

காதர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"பொறவு எங்க கொழுந்தன் மவன் போன்ல காட்டுனான். போலீஸ்ல இருக்கான் அவன். அங்கன கூட இருக்கவங்க, ஏலே உங்க வீட்டுச் சாமிலேன்னு அவனக் கேலி பண்ணுதாங்களாம். தண்ணிக்குள்ள கெடந்து ஆளுகள இழுக்காளாம்லா. எம்பிள்ள யாரையும் இழுக்கலக்கா. அவளத்தான் தண்ணி இழுத்துச்சு."

நான் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் முழுசா வரலையாமே, இனிமேதான் வருமாமே? காதரு சொன்னான். வாரதுக்குள்ள அந்தப் பேர மட்டும் எடுத்துரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். யாரு வச்சாங்க அந்தப் பேர? உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரிக்கேன்" என்றேன்.

திரும்பி வரும் வழியில் பண்பொழி ஊரைத் தாண்டியதும் காதர் என் பக்கம் திரும்பினார். "ஏன்க்கா சொல்லல?" என்றார்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கும் உங்ககிட்டச் சொல்ல ரெண்டு நாளு பயமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அலுவலகத்துக்கு வந்து பிரிவுத் தலைவியிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "பழைய சாமின்னு சொன்னீங்க" என்றார் கடைசியில். ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். திட்டாமல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

மறுநாள் பதில் வந்தது. பெயர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. அதே பெயரில் எத்தனையோ பேர் இருக்கலாம். வெளியாக இரண்டு வாரம்தான் இருக்கிறது, இப்போது மாற்றினால் குரலும் படமும் திரும்பச் செய்ய வேண்டும். ஆகையால் மாற்றத் தேவையில்லை. கடைசியில் ஒன்று கேட்டிருந்தார்கள். பதிவேட்டில் அந்த வரிசையில் இருப்பதை எடுத்துவிட்டு "கற்பனைப் பெயர்" என்று எழுதிவிட வேண்டும். பிறகு யார் வந்து கேட்டாலும் நாங்களாக யோசித்து வைத்த பெயர் என்று சொல்லிவிடலாம். மாலைக்குள் செய்துவிட்டுத் தெரிவிக்கவும்.

அந்த வரிசை என் பெயரில் இருந்தது. நான்தான் திறந்து மாற்ற முடியும்.

பிரிவுத் தலைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு இந்த வேல எவ்வளவு தேவைன்னு எனக்குத் தெரியும்க்கா. அதனால இதச் செய்யுங்க, செய்யாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும். இந்தப் பதிவேட்டுல நாம தப்பா எழுதியிருக்கோம். பொய் எழுதுனதில்ல" என்றார். எழுந்து போய்விட்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் மேசைக்கு எதிரே இருக்கும் கண்ணாடியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கற்பனைப் பெயர் என்று அடித்தேன். அடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்மையில் அது யாருக்கும் புதிய தீங்கு செய்யாத இரண்டு சொல். ஏற்கெனவே நடந்ததுதான் நடந்திருக்கிறது. மாதாமாதம் என் சம்பளம் வரும். ஆனால் பேயாக்கியதோடு நிற்காமல், அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை என்று இப்போது எழுதுகிறேன் என்று தோன்றியது. அவளை வாய்க்கால் ஒருமுறை கொண்டுபோனது. நான் இரண்டாம் முறை.

அழித்தேன். அழித்த இடத்தில் இப்படி எழுதினேன்: "நீலவடிவு. வடகரை. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படித்தவர். வாய்க்காலில் வந்த வெள்ளத்தில் இறந்தவர். இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தாய் இருக்கிறார். வீட்டில் கேட்காமல் இந்தப் பெயரை எடுத்தது நான். ஆட்டத்தில் இருந்து பெயரை எடுத்துவிடும்படி தாய் கேட்கிறார்." அடியில் என் பெயரை முழுதாக எழுதினேன். அனுப்பிவிட்டு, வேலை போய்விட்டது என்ற முடிவோடு டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்தேன். பிரிவுத் தலைவி அதை ஒரு சொல்லும் சேர்க்காமல் தலைமை அலுவலகத்தில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினார்.

இரண்டு நாள் ஒரு பதிலும் இல்லை. மூன்றாம் நாள், பெயர் மாற்றப்படுகிறது என்று ஒரே வரியில் வந்தது. அவர்கள் மனம் மாறியதா, எழுத்தில் வந்துவிட்ட பிறகு தெரியாது என்று சொல்ல முடியாமல் போனதா, எனக்குத் தெரியாது. கம்பெனி தன்னுடைய வீடியோவை எடுத்துவிட்டது. குரலைத் திரும்பப் பதிவு செய்தார்கள். என்னை ஆறு மாதம் பெயர் எடுக்கும் வேலையில் இருந்து விலக்கி வைத்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்க மாட்டேன். அங்கேயே நிறுத்தினால், உண்மையை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். கம்பெனி எடுத்துவிட்ட வீடியோ, ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருந்தவர்கள் போனில் எல்லாம் இருந்தது. அதற்கு வேறு பாட்டுச் சேர்த்து, வேறு முகம் சேர்த்து, சிரிப்பதற்காகச் சிலர் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஆலங்குளம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்த ஒருவருக்கு போன் வந்தபோது, மணிக்குப் பதிலாக அந்தக் குரல்தான் ஒலித்தது. நான் நீலவடிவு. உன் பேரு என்ன?

நம் கையில் இருக்கும்போதுதான் ஒரு பெயரை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியும். வெளியே போன பிறகு முடியாது.

ஆட்டம் வெளியாகிப் பத்து நாள் கழித்து வடகரைக்குத் தனியாகப் போனேன். காதர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பேச்சியம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து தென்னங்கீற்றில் விளக்குமாற்றுக்கு ஈர்க்குக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அந்தப் பேர எடுத்து வச்சது நான்தாம்மா. இந்தப் பக்கம் வந்தப்போ தகரத்துல எழுதியிருந்ததப் பாத்து எடுத்தேன். உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். கேக்கல."

அவர் கிழிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கே தெரியும்" என்றார். "கொண்டாந்து வச்ச தண்ணியக்கூட நீங்க தொடல. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஆட்டத்தில் இப்போது அந்தப் பெயர் இல்லை, எடுத்தாயிற்று என்று சொன்னேன். சரி என்றார். பிள்ளைகள் இன்னும் வாசலில் வந்து கேட்கிறார்களா என்று கேட்டேன்.

"கேக்குதுவ. கொறஞ்சிருக்கு. கொஞ்ச நாளாச்சுன்னா விட்டுரும்."

கிழித்த ஈர்க்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தரையில் தட்டி நுனியைச் சமமாக்கினார். பிறகு மூலையில் இருந்த தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பன்னெண்டு வருசமா இந்தத் தெருவுல அந்தப் பேர நான் ஒருத்திதான் சொல்லிக்கிட்டிருந்தேன். அவுக அப்பாகூடச் சொல்ல மாட்டாக, பாப்பான்னுதான் சொல்லுவாக. சாயங்காலம் வெளக்கு ஏத்தயில பேரச் சொல்லிக் கூப்பிடுவேன், வான்னு. இப்பம் ஊரு பூராச் சொல்லுது. எனக்குத்தான் வாய்ல வர மாட்டேங்கு. வெளக்க மட்டும் ஏத்தி வச்சிட்டு வந்துருதேன்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் அடுத்த கீற்றை எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பேய்க்கு இப்பம் என்ன பேரு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

தலைமை அலுவலகத்திலேயே தேர்ந்தெடுத்த பெயர் அது. எங்கோ குளிர் தேசத்தில் ஓர் ஏரியைப் பற்றிய பழைய கதையில் இருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னேன். பேச்சியம்மாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லி, மறுபடியும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை வந்துவிட்டது.

"அது யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார்.